பி.பி. நம்பரில் ஓடும் இணையம்

போன மாதம் சித்தப்பா வீட்டில் ஒரு பஞ்சாயத்து. ஷார்ஜாவில் இருக்கும் அவர் மகன், வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் கேமராவை அங்கிருந்தே செல்போனில் பார்ப்பான். நாலைந்து வருடமாகத் தடையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு இணைப்பை மலிவான ஃபைபருக்கு மாற்றிய நாளிலிருந்து படம் வரவில்லை. "ஏல, வேகம் கூடுனா படம் இன்னும் நல்லாத்தானல வரணும்?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார். கேமரா மாட்டிக் கொடுத்த பையன் வந்து ரவுட்டரைக் குடைந்துவிட்டு, "அண்ணாச்சி, போர்ட்டெல்லாம் திறந்துதான் இருக்கு. இவங்க குடுக்குற ஐபி சரியில்ல. ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஐபி என்றால் இணையத்தில் நம் இணைப்புக்கு உரிய எண் முகவரி, ஸ்டேட்டிக் என்றால் மாறாதது. பையன் சொன்னதில் சித்தப்பாவுக்கு விளங்கியது ஒன்றுதான். இன்னும் பணம் கேட்கிறார்கள்.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெளிப்பக்க முகவரி என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் ஓர் எண். பையன் சொன்னதில் தப்பில்லை. 2001-ல் நான் கல்லாவில் உட்கார்ந்திருந்த பிரவுசிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டருக்கு நாங்கள் செய்த வேலையை இப்போது ஒரு கம்பெனி ஊருக்கே செய்து வைத்திருக்கிறது.

அந்த வேலைக்கு நம்மிடம் பழைய பெயரே ஒன்று உண்டு. தொலைபேசிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலத்தில், பலருடைய விசிட்டிங் கார்டில் எண்ணை அடுத்து 'பி.பி.' என்று அச்சடித்திருக்கும். எண் அவருடையது அல்ல. மாடிவீட்டுக்காரருடையது, இல்லையென்றால் முக்குக் கடைக்காரருடையது. கூப்பிட்டால், "ஒரு நிமிஷம் இருங்க" என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு அவர் போய் ஆளைக் கூட்டி வருவார். ஒரே எண்ணில் பத்துக் குடும்பம் காலம் தள்ளியது. வெளியே இருப்பவனுக்குத் தெரிந்தது அந்த ஒற்றை எண் மட்டும். உள்ளே யார் யார் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும்.

இணையத்தில் அந்தக் கடைக்காரர்தான் கேட்வே.

எண் ஏன் பற்றாமல் போனது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. 1981-ல் வகுத்த ஐபி முகவரி முறையில் ஒரு முகவரிக்கு 32 பிட். மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள்தான் அதில் சாத்தியம். அன்றைக்கு அது கடல் போலத் தெரிந்ததால் முந்தி வந்தவர்களுக்கு மரக்கால் மரக்காலாக அளந்து கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி என்ற ஒரே கல்வி நிறுவனத்தின் கையில் 18-ல் தொடங்கும் முகவரிகள் அத்தனையும், அதாவது 1 கோடியே 67 லட்சம், இருந்தன. அதில் பாதியை விற்கப் போவதாக அவர்கள் 2017-ல் அறிவித்தார்கள், அமேசான் வாங்கியது. பந்தியில் பிந்தி உட்கார்ந்த நாடுகளுக்கு மிஞ்சியது என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தட்டுப்பாடு வரும் என்று 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மார்ச்சில் சில முகவரித் தொகுதிகளை யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் புழங்கிக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் நாம் எல்லோரும் எங்காவது பார்த்திருக்கும் 192.168. வெளி உலகில் இவற்றுக்கு மதிப்பில்லை. அதே ஆண்டு மே மாதம் கெல்ட் எகேவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஆர்எஃப்சி 1631 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தை எழுதினார்கள். உள்முகவரியை வாசலிலேயே வெளிமுகவரியாக மாற்றி அனுப்பும் உத்தி அது. நாட் என்ற பெயர் அதோடு வந்ததுதான். கொஞ்ச காலத்துக்குத் தாக்குப்பிடிக்க நல்ல வழி, குறைகளும் உண்டு என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச காலம் முப்பது வருடத்தைத் தாண்டிவிட்டது.

எங்கள் சென்டருக்கு வருகிறேன். ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு 56 கே மோடம், ஆறு கம்ப்யூட்டர், நடுவில் ஒரு ஹப். மோடம் மாட்டியிருந்த மிஷினில் வாடிக்கையாளர் யாரையும் உட்காரவிட மாட்டோம். அதன் பெயர் 'சர்வர்'. உண்மையில் அது மற்றவற்றைவிடப் பழைய, மூடி கழன்ற ஒரு பென்டியம். ஆனால் அது தொங்கிவிட்டால் ஆறு மேசையும் படுத்துவிடும். அதனால் அதற்கு அந்த மரியாதை.

1999-ல் வந்த விண்டோஸ் 98-ன் இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதி கூடவே வந்தது. ஒரு பெட்டியில் டிக் அடித்தால் போதும். அந்த மிஷின் 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்குத் தானே முகவரி கொடுத்துவிடும். லினக்ஸ் தெரிந்த முதலாளிகள் அதே வேலையை 'மாஸ்கரேட்' என்ற பெயரில் செய்தார்கள். முகமூடி போட்டு அனுப்புவது என்று பொருள். மைக்ரோசாஃப்ட் வைத்த பெயரைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். நடப்பதை அப்படியே சொல்கிறது.

ஐந்தாம் மேசைக்காரர் யாஹூ மெயிலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கம்ப்யூட்டரின் முகவரி 192.168.0.5. கிளம்பும் பாக்கெட்டில், அதாவது தகவல் பொட்டலத்தில், அனுப்புநராக அந்த முகவரியும், கூடவே அந்த மிஷினில் எந்த உரையாடலுக்கு உரியது என்று காட்ட 1045 என்று ஒரு போர்ட் எண்ணும் இருக்கும். இது இப்படியே வெளியே போனால் பதில் திரும்பி வராது. உலகத்தில் 192.168.0.5 லட்சக்கணக்கில் இருக்கிறது, யாருக்கென்று அனுப்புவது? அதனால் சர்வர் அந்த முகவரியை அடித்துவிட்டு, மோடம் வழியாகத் தனக்குக் கிடைத்த வெளிமுகவரியை எழுதுகிறது. போர்ட்டையும் 61002 என்று மாற்றுகிறது. மாற்றியதைத் தன் அட்டவணையில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்கிறது: 61002-க்கு வருவது ஐந்தாம் மேசையின் 1045-க்கு. பதில் 61002 என்று வந்து நின்றதும் அட்டவணையைப் பார்த்து, முகவரியைத் திரும்ப மாற்றி, உள்ளே அனுப்புகிறது. யாஹூவுக்கு ஐந்தாம் மேசை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஐந்தாம் மேசைக்கும் நடுவில் ஒரு கை மாறியது தெரியாது.

இந்தத் தந்திரம் முழுக்க அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. வரி எழுதப்பட வேண்டுமானால் முதல் பேச்சு உள்ளிருந்து தொடங்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவன் தானாக வந்து தட்டினால் அட்டவணையில் வரி இருக்காது; பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். பி.பி. நம்பருக்குக் கூப்பிட்டு யார் வேண்டும் என்றே சொல்லாதவனைக் கடைக்காரர் என்ன செய்வார்? அதே நிலைமை. இதைப் 'பாதுகாப்பு' என்று விற்பவர்கள் உண்டு. ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் விலாசம் தெரியாததால் திருடன் வராமல் இருப்பதற்குப் பெயர் பூட்டு அல்ல.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாட் பாக்கெட்டின் உறையை மட்டும்தான் திருத்தும். உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்காது. நெட்மீட்டிங் போன்ற பேசும் மென்பொருள்கள் தங்கள் முகவரியைக் கடிதத்துக்குள்ளேயே எழுதி அனுப்பின. எதிர்முனை அந்த 192.168-ஐ நம்பிப் பதில் அனுப்ப, அது ஆகாயத்தில் கரைந்துபோகும். எங்கள் சென்டரில் ஒரு அம்மா துபாயில் இருக்கும் மகனோடு பேச முயன்று, இவர் குரல் போகிறது, அவன் குரல் வரவில்லை என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை நடையாய் நடந்தார். கடைசியில் மோடம் மாட்டியிருந்த சர்வரிலேயே அவரை உட்கார வைத்தோம். குரல் வந்தது. காரணம் எனக்கு அன்றைக்குத் தெரியாது.

கேட்வேயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு ஆசாமி ப்ராக்ஸி. கல்லூரியில் வருகைப் பதிவுக்கு 'ப்ராக்ஸி' கொடுத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: நண்பனுக்குப் பதிலாக நாம் 'உள்ளேன் ஐயா' சொல்வது. கேட்வே உறையைத் திருத்தி அனுப்புகிறது என்றால், ப்ராக்ஸி உறையைப் பிரித்து, உள்ளே என்ன கேட்டிருக்கிறது என்று படித்து, அதைத் தானே போய் வாங்கி வந்து கொடுக்கிறது. கேட்டவர் பேசுவது ப்ராக்ஸியோடு. தளத்தோடு பேசுவது ப்ராக்ஸி. நடுவில் இரண்டு தனித்தனி உரையாடல்கள். அதனால்தான் பிரவுசரில் போய் ப்ராக்ஸியின் முகவரியையும் போர்ட்டையும் கைப்பட எழுத வேண்டியிருந்தது.

படித்துவிட்டுப் போவதில் லாபம் உண்டு. வாங்கி வந்ததில் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஹோட்டலில் ஒவ்வொரு இட்லிக்கும் சர்வர் அடுக்களைக்கு ஓடுவதில்லையே. சாம்பார் வாளி கையில் இருக்கும். 56 கே மோடம் ஏட்டளவில் நொடிக்கு 7 கிலோபைட் தரும், நடப்பில் நாலோ ஐந்தோ. அதை ஆறு பேர் பங்குபோட்டால் தலைக்கு ஒரு கிலோபைட்கூடத் தேறாது. அந்த நிலையில் ஒரு தளத்தின் 50 கிலோபைட் முகப்புப் படத்தை ஆறு தடவை இழுப்பது அநியாயம். 1996-ல் வெளிவந்த ஸ்குவிட் என்ற இலவச மென்பொருள் இந்த வாளி வேலைக்கே பிறந்தது. 3128 என்ற அதன் போர்ட் எண்ணைப் பல சென்டர்காரர்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணைப் போல மனப்பாடமாகச் சொல்வார்கள். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு அதன் அருமை தெரியும். மதிப்பெண் பக்கம் பதிவெண்ணுக்குப் பதிவெண் வேறு என்பதால் அதைச் சேமித்துப் பயனில்லை. ஆனால் அந்தப் பக்கத்தின் சின்னம், பட்டை, பொத்தான் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதானே. அவை வாளியிலிருந்து வந்துவிடும். மோடம் மதிப்பெண்ணை மட்டும் சுமக்கும்.

நஷ்டமும் அதே இடத்தில்தான். படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடுகிறது. யார் எந்த மேசையில் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பது ப்ராக்ஸியின் பதிவேட்டில் வரிவரியாக விழும். எங்கள் முதலாளி சில சாயங்காலம் அதைத் திறந்துவைத்துக்கொண்டு ஊரைப் பற்றித் தெரிந்துகொள்வார். நாகரிகமான பழக்கம் என்று சொல்ல மாட்டேன். பிற்பாடு அரசாங்கமும் அதே பதிவேட்டில் கண் வைத்தது. 2011 ஏப்ரலில் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, கடைக்காரர் வருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். பார்த்த தளங்களின் வரலாற்றையும் ப்ராக்ஸி சர்வரின் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். மேசைகளுக்கு நடுவே உள்ள தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. அதற்குள் கூட்டம் செல்போனுக்கு நகரத் தொடங்கியிருந்தது.

பதிலாளை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு யாருக்கெல்லாம் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் இன்னொரு விபரீதம். நியூசிலாந்தில் உருவான வின்கேட் என்ற ப்ராக்ஸி அந்தக் காலத்தில் மிகப் பிரபலம். அதன் ஆரம்பப் பதிப்புகளை நிறுவி அப்படியே விட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமல்லாமல் வெளியிலிருந்து தட்டுபவர்களுக்கும் அது சேவகம் செய்தது. அரட்டை அறைகளில் வம்பு செய்பவர்கள் இப்படித் திறந்து கிடக்கும் மிஷின்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் முகத்தை மாட்டிக்கொண்டு வம்பு செய்தார்கள். பழி கடைக்காரர் எண்ணின் மேல். தவறு செய்தவன் வேறு எங்கோ. பல அரட்டை சர்வர்கள், உள்ளே வருகிறவன் இப்படி ஒரு திறந்த வின்கேட் வழியாக வருகிறானா என்று சோதித்த பிறகே விட ஆரம்பித்தன.

ஒரே முகத்தைப் பலர் போட்டுக்கொள்வதில் இருக்கும் தொல்லைக்கு எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் கத்தார். 2006 முடிந்து 2007 பிறக்கும் நேரத்தில் விக்கிப்பீடியாவில் யாரோ தொடர்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகி ஒருவர் வழக்கம்போல அந்த ஐபி முகவரியைத் தடுத்தார். அப்புறம்தான் தெரிந்தது, அந்த நாட்டின் இணையப் போக்குவரத்து கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே ப்ராக்ஸி வழியாகத்தான் வெளியே வருகிறது என்று. ஒரு தெருப்பையனைத் தடுக்கப் போய் ஒரு நாட்டையே தடுத்த கதை. சில மணி நேரத்தில் தடையை நீக்கினார்கள்.

இனி சித்தப்பா வீட்டு 100.72.

உலகளாவிய முகவரிக் கிடங்கில் மீதமிருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3-ல் பிரித்துக் கொடுத்து முடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் வட்டாரக் கிடங்கும் அடிமட்டத்தைத் தொட்டு ரேஷனுக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு வெளிமுகவரி என்று கொடுத்துவந்த கம்பெனிகள் அதற்குப் பிறகு அந்த ஒன்றையும் பங்குபோட வேண்டியதாயிற்று. வீட்டு ரவுட்டர் ஏற்கெனவே ஒரு முறை நாட் செய்கிறது. அதற்கு மேல் கம்பெனி தன் கூடத்தில் இன்னொரு நாட் வைத்தது. இரண்டுக்கும் நடுவே புழங்க வீட்டு முகவரிகளோடு மோதாத ஒரு தனித்தொகுதி தேவைப்பட்டது. 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை ஒதுக்கினார்கள். நாற்பது லட்சத்துக்குச் சற்று மேல் முகவரிகள். எந்தக் கம்பெனியும் தன் எல்லைக்குள் இதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேமராப் பையன் சித்தப்பாவின் ரவுட்டரில், 8000 என்ற போர்ட்டுக்கு யாராவது வந்தால் கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டிக்கு அனுப்பு என்று சரியாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் தட்டுகிறவன் ரவுட்டர் வரை வந்தால்தானே? அதற்கு முந்திய வாசலில், கம்பெனியின் நாட் அட்டவணையில், சித்தப்பாவுக்கென்று எந்த வரியும் இல்லை. அங்கே எழுத நமக்கு அனுமதியும் இல்லை. பி.பி. நம்பரையே இன்னொரு பி.பி. நம்பர் வழியாகக் கூப்பிடுவது போன்ற நிலை.

கம்பெனியின் கணக்கு எளிது. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட். வாடிக்கையாளருக்கு ஆயிரம் என்று பிரித்தால் அறுபத்து நாலைந்து வீடுகள் ஒரே முகவரியில் குடியிருக்கலாம். ஒரு செய்தித் தளத்தைத் திறந்தாலே டஜன்கணக்கில் இணைப்புகள் கிளம்புகின்றன; வீட்டில் நாலு செல்போன், ஒரு டிவி என்றால் ஆயிரம் ஒன்றும் தாராளம் இல்லை. நம் எண்ணில் யாரோ ஒரு அண்டைவீட்டார் கிறுக்குத்தனம் செய்தால், 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று கூகுள் நம்மிடம் டிராஃபிக் லைட் படம் பொறுக்கச் சொல்லும்.

காவல்துறைக்கு இது இன்னும் பெரிய தலைவலி. ஒரு தளத்தின் பதிவேட்டில் ஐபி முகவரியும் நேரமும் இருந்தால் முன்பெல்லாம் ஒரு வீட்டைச் சுட்டிவிடலாம். இப்போது அது ஒரு கூட்டத்தைத்தான் சுட்டும். போர்ட் எண்ணும் இருந்தால்தான் ஆளைப் பிரிக்க முடியும். சர்வர்கள் போர்ட்டையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று 2011-லேயே ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது. கேட்டவர்கள் குறைவு. 2017 அக்டோபரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், இந்தக் கம்பெனி அளவிலான நாட் முறையை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பகிரங்கமாகவே கேட்டது.

நம் கையில் இருக்கும் செல்போன் ஹாட்ஸ்பாட்டும் அந்தப் பழைய பென்டியம் செய்த வேலையைத்தான் செய்கிறது, ஐபோனில் 172.20.10.1 என்று பெயர் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஹாட்ஸ்பாட் போடுவது கம்பெனிக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வெகு எளிது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் ஆயுள் எண் உண்டு; ஒரு கேட்வேயைத் தாண்டினால் ஒன்று குறையும். ஆண்ட்ராய்டு வழக்கமாக 64 என்று தொடங்கும், விண்டோஸ் 128. போனிலிருந்தே கிளம்பியது 64 ஆகக் கம்பெனிக்குப் போய்ச் சேரும். போனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் லேப்டாப்பிலிருந்து வந்தது 127 ஆகச் சேரும். முகமூடி போட்டாலும் வயது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ப்ராக்ஸியின் கதை வேறு திசையில் போனது. தளங்கள் எல்லாம் மறையாக்கத்துக்கு, அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறைக்கு, மாறியபின் ப்ராக்ஸியால் கடிதத்தைப் படிக்க முடியவில்லை. இன்ன தளத்துக்குப் போகிறார் என்ற பெயர் மட்டும்தான் தெரிகிறது. சாம்பார் வாளி காலியாகிவிட்டது. அலுவலகங்கள் சில இதற்கும் வழி கண்டன. தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்லும் சான்றிதழ் ஒன்று உண்டு; அலுவலக லேப்டாப்பில் தங்கள் சொந்தச் சான்றிதழைப் பதித்துவிட்டால், நடுவில் நிற்கும் ப்ராக்ஸி மறையாக்கத்தைப் பிரித்துப் படித்து மீண்டும் ஒட்டி அனுப்பும், பிரவுசர் முறைக்காது. அலுவலக மிஷினில் வங்கிக் கணக்கைத் திறக்கும் பழக்கமுள்ளவர்கள், சான்றிதழை வழங்கியவர் பெயர் என்ன என்று ஒரு தடவை சொடுக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பற்றாக்குறைக்கு உண்மையான மருந்து 1995-லேயே எழுதப்பட்ட ஐபிவி6. முகவரிக்கு 128 பிட். வீட்டு மிக்ஸிக்கும் தனி முகவரி கொடுக்கலாம். ஐபிவி6-ல் இந்தியா உலகின் முன்வரிசையில் இருப்பது பலருக்குத் தெரியாது. 2016-ல் வந்த ஜியோ தொடக்கத்திலிருந்தே அதை நம்பி வலைப்பின்னலைக் கட்டியது முக்கியமான காரணம். பழைய முகவரிகள் வாங்கக் கிடைக்காத காலத்தில் கடை திறந்தவருக்கு வேறு வழியும் இல்லை. சித்தப்பாவின் ரவுட்டரிலும் ஐபிவி6 முகவரி ஒன்று மினுங்கிக்கொண்டுதான் இருந்தது. டிவிஆர் பெட்டிக்குத்தான் அது தெரியவில்லை.

கடைசியில் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொன்னேன். இப்போதைய டிவிஆர்கள் அட்டவணையின் குணத்தைப் புரிந்துகொண்டவை. வெளியிலிருந்து யாரும் வந்து தட்டக் காத்திருக்காமல், தாமே முதலில் கிளம்பித் தயாரிப்பாளரின் சர்வரோடு இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். ஷார்ஜாவில் இருப்பவனின் செல்போனும் அதே சர்வருக்குப் போகும். இரண்டையும் நேராகக் கோத்துவிட முதலில் முயலும். நடுவில் இருக்கும் நாட் வாசல்கள் இடம் கொடுக்காவிட்டால் படம் முழுவதும் அந்த சர்வர் வழியாகவே ஓடும். எங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது என்று நினைக்கிறேன். கை அசைத்தால் இரண்டு நொடி கழித்து ஷார்ஜாவில் அசைந்தது. ஸ்டேட்டிக் ஐபிக்குக் காசு கேட்கிறார்கள் என்று வேண்டாம் சொல்லிவிட்டு, பெயர் தெரியாத இன்னொரு கடைக்காரரின் மேசையில் ரிசீவரை வைத்திருக்கிறோம். மகனிடம் இதைச் சொன்னேன். "படம் வருதுல்லா அண்ணே, போதும்" என்றான்.

டிவிஆரின் பாஸ்வேர்டு கடையிலிருந்து வந்தபடியே 12345 என்றுதான் இருந்தது. அதை மட்டும் மாற்றி, சித்தப்பாவின் டைரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.